பானகமும் சிராப்பும்

தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலைக்கு ஏறுகிறவர்களுக்குத் தாகம் தீர்க்க ஆள் பஞ்சமே இல்லை. மேலே பாலதண்டாயுதபாணியைப் பார்க்க 513 படி. கீழே, அருவியின் பெயரால் மலைக்கு வந்த ‘தண்ணீரை’ மெய்யாக்குவதுபோல், சாலை நெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். ஒலிபெருக்கி காதைப் பிளக்கும். கையில் ஒரு கோப்பை திணிக்கப்படும். உள்ளே பெரும்பாலும் ரோஜா நிறத்துச் சீனிப் பானமான சிராப்பு. பானகம் கிடைத்தால் அது நம் பாக்கியம்.

பந்தல் என்ற சொல்லுக்குப் ‘பந்தர்’ என்பது பழைய வடிவம். வழிப்போக்கருக்கு நீர் வார்க்கும் அறமும் பழையதுதான். திங்களூர் அப்பூதியடிகள் தாம் வைத்த தண்ணீர்ப் பந்தலுக்குத் திருநாவுக்கரசர் பெயரைச் சூட்டியதைப் பெரியபுராணம் சொல்கிறது. விளம்பரப் பலகையில் தன் பெயரைப் போடாத உபயதாரர்!

பானகம் வடமொழியிலிருந்து வந்த சொல். ‘பா’ என்றால் குடித்தல். பானம், பானகம் இரண்டும் அதன் பிள்ளைகள். பானையில் கரைப்பதால் பானகம் என்று சிலர் சொல்வது கேட்க அழகாயிருக்கிறது, அவ்வளவுதான். பானை வேறு குடும்பத்துச் சொல். ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதையில் வெல்லப் பானகம் புளிப்போடும் புளிப்பில்லாமலும் வருகிறது. திராட்சைக்கும் இலந்தைக்கும் தனித்தனிப் பானகம் உண்டு. ஆக அது ஒரு பானத்தின் பெயரல்ல, ஓர் இனத்தின் பெயர். கன்னடத்தில் இன்றும் அப்படியே: எலுமிச்சைப் பானகம், விளாம்பழப் பானகம். தெலுங்கில் வெல்லமும் மிளகும் ஏலமும். மங்களகிரி நரசிம்மருக்கு அதுவே நிவேதனம், அவர் பெயரே பானகால சுவாமி. தமிழில்தான் சொல் சுருங்கிப் புளியும் வெல்லமும் கரைத்த நீரில் போய் நின்றது. பேச்சில் அது பானக்கம், பானகரம் என்றும் நீண்டது.

வீட்டுக்கு வருகிற நாலைந்து பேருக்குப் பானகம் கரைக்க எலுமிச்சை அளவு புளி, ஏறக்குறைய 200 கிராம் வெல்லம், ஒரு லிட்டர் தண்ணீர் போதும். புளியை ஊறவைத்துக் கரைத்து, வெல்லத்தையும் அதிலேயே கரைத்து வடிகட்ட வேண்டும். வெல்லத்தில் மண் இருக்கும், இந்த வேலையைத் தவிர்க்க முடியாது. சுக்குப்பொடி, ஏலப்பொடி, ஒரு சிட்டிகை உப்பு, மேலே நாலு துளசி இலை. அடுப்பில் ஏற்றவே கூடாது என்பது என் கட்சி. கொதித்தால் குழம்பு வாசனை வந்துவிடும். சில வீடுகளில் புளிக்குப் பதில் எலுமிச்சை பிழிவார்கள். அதுவும் பானகமே. சுசுருதர் கணக்குப்படி பார்த்தால் அதற்கும் இடமுண்டு.

சிராப்புக்கு வருவோம். அது மலாய்ச் சொல். ஐரோப்பிய மொழிகள் வழியாக வந்தாலும் மூலம் அரபுச் சொல்லான ‘ஷராப்’. அதன் வேருக்கும் பொருள் குடித்தல்தான். மதுரையில் நன்னாரி ஊற்றிக் கலக்கும் சர்பத்தும் அதே வேரில் முளைத்தது. பந்தலில் பானகத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்ட சிராப்பைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. சீனியை மட்டும் கொஞ்சம் குறைத்தால் தேவலை.