முட்டை ஓட்டுத் தூளும் ஆக்ஸ்ஃபோர்டு தேர்வும்

சீனாவுக்குப் போன மிஷனரிகளைப் பற்றி இதுவரை பார்த்தோம். அவர்களுடைய பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

சீன உள்நாட்டு மிஷனை நிறுவிய ஹட்சன் டெய்லர், 1881இல் ஷாண்டோங் மாகாணக் கடற்கரை ஊரான சீஃபூவில் (இன்றைய யான்டாய்) அவர்களுக்காக ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். நம் கொடைக்கானலில் 1901இல் அமெரிக்க மிஷனரிகள் பள்ளி தொடங்கியதும் இதே தேவைக்காகத்தான். சீஃபூவில் படிப்பு முதல்தரம். ‘டைம்’ இதழை நிறுவிய ஹென்றி லூஸ், நாடகாசிரியர் தார்ன்டன் வைல்டர் இருவரும் அங்கே படித்தவர்கள்.

ஆனால் ஆறு வயதிலேயே பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். தொலைதூர மாகாணத்துப் பிள்ளைகள் வருடத்துக்கு ஒருமுறை பெற்றோரைப் பார்த்தாலே பெரிது. ஊழியத்துக்காகப் பெற்ற பிள்ளைகளையே பிரிந்தார்கள் என்று மிஷன் வரலாறுகள் மெச்சுகின்றன. பிள்ளைகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1941 டிசம்பர் 8. பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட செய்தியோடு ஜப்பானியச் சிப்பாய்களும் பள்ளிக்குள் வந்தார்கள். தலைமையாசிரியர் புரூஸைப் பிடித்துப் போனார்கள். மறு ஆண்டு நவம்பரில் பள்ளியே காலிசெய்யப்பட்டது. ஊருக்குள் இன்னொரு மிஷன் வளாகத்தில் பத்து மாதம் நெருக்கியடித்து வைத்திருந்துவிட்டு, 1943 செப்டம்பரில் மாணவர்களையும் ஆசிரியர்களையும் வெய்ஷியன் முகாமுக்கு அனுப்பினார்கள். இன்று அந்த ஊர் வெய்ஃபாங்.

சுற்றிலும் மதில், மின்கம்பி, காவல் கோபுரம். உள்ளே சுமார் 1,500 பேர். வங்கி அதிகாரி, கன்னியாஸ்திரி, ஜாஸ் வாத்தியக்காரர், அபினிப் பழக்கத்தை விடமுடியாதவர் என எல்லா ரகத்திலும் ஆட்கள். இந்தக் கூட்டத்துக்கு நடுவே நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துக்கொண்டு சீஃபூ ஆசிரியைகள் நின்றார்கள். பெரும்பாலோர் மணமாகாத பெண்கள்.

அவர்கள் செய்த முதல் காரியம், பள்ளியை நிறுத்தாமல் நடத்தியது. மேசை கிடையாது; பெட்டிமீதும் படுக்கைமீதும் உட்கார்ந்து பாடம். மேல்வகுப்பு மாணவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு பள்ளிச் சான்றிதழ்த் தேர்வை முகாமுக்குள்ளேயே நடத்தினார்கள். போர் முடிந்தபின் ஆக்ஸ்ஃபோர்டு அதை ஏற்றுக்கொண்டது. தினமும் தலை எண்ணுவதற்காக வரிசையில் காக்கவைப்பார்கள் அல்லவா, அந்த நேரத்தில் சிறுமிகள் மோர்ஸ் குறியீடும் கொடிச் சைகையும் பழகினார்கள். தகர டப்பாவில் சோளக் கஞ்சி குடித்தாலும் இளவரசி போல நிமிர்ந்து உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும். இதில் ஆசிரியைகள் துளியும் விட்டுக்கொடுக்கவில்லை. குளிர்காலத்தில் கரித்தூளையும் களிமண்ணையும் பிசைந்து உருண்டை பிடிப்பது, மூட்டைப்பூச்சி வேட்டை, எலி பிடிப்பது எல்லாமே போட்டியாகிவிட்டன.

சுண்ணாம்புச் சத்துக்கு முட்டை ஓட்டை இடித்துத் தூளாக்கி, கரண்டி கரண்டியாகப் பிள்ளைகள் வாயில் போட்டார்கள். முட்டை வந்த வழி சுவாரசியமானது. மதிலுக்கு வெளியே சீன விவசாயிகள், உள்ளே டிராப்பிஸ்ட் துறவிகள்; ஒரு ஓட்டை வழியே கள்ள வியாபாரம். ஸ்கேன்லன் என்ற துறவி அகப்பட்டுக்கொண்டார். தண்டனை, தனிமைச் சிறை! மௌன விரதத்திலேயே ஆண்டுகளைக் கழித்த மனிதருக்கு அது என்ன தண்டனை என்று முகாமே சிரித்ததாம்.

முகாமில் பிள்ளைகளுக்குத் துணைநின்ற இன்னொருவர் ஓட்டவீரர் எரிக் லிடெல். அவர் சீஃபூ ஆசிரியர் அல்ல. தியென்ட்சின் நகரிலிருந்து கைதாகி வந்தவர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் தகுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் 100 மீட்டர் ஓட மறுத்து, 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம் வென்றவர். ‘சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்’ படத்தின் நாயகன். முகாமில் அவர் பிள்ளைகளுக்கு ‘எரிக் மாமா’. சோதனைக் குழாய்கூட இல்லாத இடத்தில் கருவிகளைக் கையால் வரைந்து காட்டி வேதியியல் சொல்லிக்கொடுத்தார். ஞாயிறன்று நடுவர் இல்லாமல் ஹாக்கி ஆடிய பிள்ளைகள் அடித்துக்கொண்டதைப் பார்த்து, ஒலிம்பிக்குக்காகக்கூட மீறாத விதியை மீறி, விசிலோடு தானே மைதானத்தில் இறங்கினார். ஒலிம்பிக் பதக்கத்தைவிட அந்த விசில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மூளைக் கட்டியால் 1945 பிப்ரவரி 21 அன்று 43 வயதில் இறந்தார். மனைவியும் மூன்று மகள்களும் கனடாவில். கடைசி மகளை அவர் பார்த்ததே இல்லை.

எல்லாரும் லிடெல் இல்லை. அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுப் பொட்டலங்கள் சுமார் 1,500 வந்தன. முகாமில் அமெரிக்கர்கள் இருநூறு பேர்தான். முழுவதும் எங்களுக்கே என்று அவர்களில் சிலர் கிளம்பிவிட்டார்கள். ஆளுக்கொன்று என்று தீர்ப்புச் சொன்னது ஜப்பானியத் தரப்பு! முகாமில் இருந்த, பின்னாளில் இறையியலாளராகப் பெயர்பெற்ற லாங்டன் கில்கி இதையெல்லாம் தம் நூலில் பதிவுசெய்திருக்கிறார். படுக்கை இடத்தைப் பகிர மறுத்த மிஷனரிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை.

1945 ஆகஸ்ட் 17 அன்று ஆறு அமெரிக்க வீரர்களும் ஒரு சீன மொழிபெயர்ப்பாளரும் பாராசூட்டில் குதித்து முகாமை மீட்டார்கள். ஹட்சன் டெய்லரின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் நால்வர், ஐந்தரை ஆண்டுகளுக்குப் பிறகு அந்தச் செப்டம்பரில்தான் பெற்றோரைப் பார்த்தார்கள். நால்வரில் ஒருத்தியான மேரி, பின்னாளில் அமெரிக்காவின் நியூஜெர்சி சட்டமன்ற உறுப்பினரானார். மீட்க வந்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்து நன்றி சொன்னவரும் அவரே.

வெய்ஃபாங்கில் 1991இல் லிடெலுக்கு ஸ்காட்லாந்துக் கல்லில் நினைவுச்சின்னம் வைத்தார்கள். வைக்க வேண்டியதுதான். ஆனால் அந்தப் பிள்ளைகளை உயிரோடும் படிப்போடும் வெளியே கொண்டுவந்தவர்கள் ஆசிரியைகளே.

சீனாவை விட்டு வெளியேறிய சீஃபூ பள்ளி, மலேசியாவின் கேமரன் மலையில் மறுபடி தொடங்கி 2001 வரை நடந்தது. தமிழர்கள் தேயிலை பறித்த அந்த மலைக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)