கயிறிட்டவரும் புலவரே: மதுரை அவைகளில் தொழிலறிவும் சொல்லறிவும்

மதுரை என்றதும் சங்கமும், சங்கம் என்றதும் செய்யுளும் நம் நினைவிற்கு வருதல் இயல்பு. புலவர் கூடினர், பாடினர், ஆராய்ந்தனர் என்ற அளவில் அவ்வரலாற்றைச் சொல்லி முடித்துவிடுகிறோம். கூடியவர் யாவர், அவர்தம் வாழ்க்கைத் தொழில் யாது, கட்டடம், உலோகம், மருந்து, வாணிகம் பற்றிய அறிவுக்கு அவ்வவையில் இடம் இருந்ததா என்னும் வினாக்களை அரிதாகவே எழுப்புகிறோம். பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டம், அடுத்த பத்தாண்டிற்கான வழியை எண்ணும் இவ்வேளையில் இவ்வினாக்களுக்கு விடை தேடுதல் பயனுடையது. இன்று கணினி, வடிவமைப்பு, புதிய தொழில்கள் பற்றிய கூட்டங்கள் ஓரிடத்தில் நடைபெறுகின்றன. கவியரங்குகள் வேறோரிடத்தில் நடைபெறுகின்றன. ஓரவையினர் மற்றோர் அவைக்குச் செல்வதில்லை. இப்பிரிவு மதுரைக்குத் தொன்றுதொட்டு வந்ததன்று என்பதைச் சான்றுகளுடன் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெடுநல்வாடையின் சான்று

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, பாண்டிய மன்னனின் அரண்மனை எழுப்பப்பட்ட முறையை நக்கீரர் வாயிலாக நமக்குக் காட்டுகிறது. இரு கோல்களை நட்டு, அவற்றின் நிழல் எப்பக்கமும் சாயாத நண்பகற் பொழுதைக் கண்டு, திசைகளைத் துல்லியமாக வரையறுத்து, நுட்பமாகக் கயிறு பிடித்து மனை வகுத்தனர் என்கிறார் அவர். அக்காலக் கட்டடக்கலையின் செய்முறைக் குறிப்பு இது. ஆயினும் இதனினும் சிறப்பாக நோக்கத்தக்கது, அவ்வாறு கயிறிட்டவர்களை நக்கீரர் அழைக்கும் பெயராகும். சிற்ப நூலை அறிந்த அத்தொழில் வல்லாரை அவர் ‘புலவர்’ என்றே குறிப்பிடுகிறார்.

‘புலம்’ என்பது அறிவு. அறிவுடையார் எவரோ அவர் புலவர். செய்யுள் செய்தவர்க்கு மட்டும் அச்சொல் உரிமையாகச் சுருங்கியது பிற்காலத்து வழக்கு. சொல் சுருங்கியபோது அவையும் உடன் சுருங்கியது எனலாம்.

பெயரடைகள் காட்டும் அவை

சங்கப் பாடல்களின் அடியில் உள்ள புலவர் பெயர்களை ஊன்றி நோக்குவார்க்கு மற்றோர் உண்மை புலனாகும். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். மதுரைப் பண்ட வாணிகன் இளந்தேவனார் பலசரக்கு விற்றவர். மருத்துவன் தாமோதரனார் நோய் தீர்த்தவர். மதுரைப் பெருங்கொல்லன் என்ற பெயரிலும் குறுந்தொகையில் ஒரு பாடல் உண்டு. இவ்வடைகளுட் சில குடிவழித் தொழிலைக் குறித்தனவாகவும் இருக்கலாம். எவ்வாறாயினும் தொழிற்பெயரைத் தன் பெயரோடு தாங்குவது அவையில் இழிவாகக் கருதப்படவில்லை என்பது உறுதி.

மணிமேகலை ஆசிரியர் சாத்தனார் மதுரைக் கூலவாணிகர், தானியம் விற்றவர். புகார் நகரத்துப் பட்டிமண்டபத்தில் சமயவாதிகள் முறையறிந்து ஏறி வாதிடும்படி விழா அறைவோன் அழைப்பதை அவர் தம் காப்பியத்தில் அமைத்துள்ளார். அதே காப்பியத்தில், மகதம், மராட்டம், அவந்தி, யவனம் ஆகிய நாடுகளிலிருந்து வந்த தொழில் வல்லார் தமிழகத் தொழில் வல்லாரோடு கூடி எழுப்பிய மண்டபம் ஒன்றும் வருகிறது. கருத்து வாதத்தையும் கைத்தொழிற் கூட்டத்தையும் ஒரே நூலில் பதிவு செய்தவர் அங்காடியில் அமர்ந்த ஒருவர் என்பது சிந்திக்கத்தக்கது.

மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில் 2015 முதல் நடைபெற்ற அகழாய்வுகள் இக்கருத்திற்கு அரண் செய்கின்றன. கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிச் செல்வதாகத் தமிழக அரசின் தொல்லியல் துறை 2019-இல் அறிவித்த அவ்விடத்தில், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் 50-க்கு மேல் கிடைத்தன. ‘ஆதன்’, ‘குவிரன்’ முதலிய பெயர்கள் அவற்றுள் காணப்படுகின்றன. அன்றாடம் புழங்கும் மட்கலத்தின் மீது மக்கள் தம் பெயரைக் கீறி வைத்த ஊரில், எழுத்து ஏட்டுச் சுவடிக்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை.

கேட்பவரின் தீர்ப்பு

இறையனார் களவியலுரை சங்கம் பற்றிய கதைகளுக்குக் கருவூலம். அதில் ஒரு நிகழ்ச்சி. அறுபது சூத்திரங்களுக்குப் புலவர் பலர் உரை கண்டனர். எவ்வுரை மெய்யுரை என்பதில் பூசல் எழுந்தது. தீர்ப்புச் சொல்ல அமர்ந்தவர் உருத்திரசன்மர், ஐந்து வயதினர், வாய் பேசாதவர். மருதன் இளநாகனார் உரை கூறியபோது அவர் ஒரோவழி மெய்சிலிர்த்தார். நக்கீரர் உரையைக் கேட்டபோது சொல்தோறும் கண்ணீர் வார மெய்சிலிர்த்தார். அதுவே மெய்யுரை என அவை ஏற்றது.

இதனை வரலாற்றுச் செய்தியாகக் கொள்ளுதல் இயலாது. எனினும் ஓர் அவை எவ்வாறு இருத்தல் வேண்டும் என்று நம் முன்னோர் கருதினர் என்பதற்கு இது சான்றாகும். பேசுவோரின் பெருமை அவையின் அளவுகோலாக வைக்கப்படவில்லை. பேசத் தெரியாத ஒருவரின் நெஞ்சைத் தொட்டதா என்பதே அளவுகோல். தொழில்நுட்பம் பேசுவார்க்கும் கவிதை படிப்பார்க்கும் இது பொது விதி.

நான்காம் தமிழ்ச் சங்கம்

தேவசேனர் எழுதிய தரிசனசாரம் என்னும் சமண நூல், கி.பி. 470 அளவில் வச்சிரநந்தி மதுரையில் திரமிள சங்கம் கண்டதைச் சொல்கிறது. 10-ஆம் நூற்றாண்டின் சின்னமனூர்ப் பெரிய செப்பேடு, மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழாக்கியதையும் பாண்டியர் புகழாக இணைத்துக் கூறுகிறது. கூடிக் கலைந்ததோடு நில்லாமல், பிறமொழிச் செல்வம் ஒன்றைத் தமிழுக்குக் கொணர்ந்ததே சங்கத்தின் பெருமையாகச் செப்பேட்டில் ஏறியது.

அம்மரபு நம் காலத்தை அடுத்துப் புத்துயிர் பெற்றது 1901-இல். பாலவநத்தம் குறுநில மன்னர் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் சொற்பொழிவாற்ற வந்தபோது, திருக்குறளும் கம்பராமாயணமும் வேண்டித் தேட, ஊரில் எளிதிற் கிடைக்கவில்லை என்பது வழிவழி வரும் செய்தி. அவ்வாண்டு மே மாதம் மதுரையில் கூடிய சென்னை மாகாண மாநாட்டில் தமிழ்ச் சங்கம் காணும் கருத்தை அவர் வெளியிட்டார். சேதுபதி மன்னர் பாஸ்கர சேதுபதியின் துணையோடு செப்டம்பர் 14-ஆம் நாள் சங்கம் நிறுவப்பெற்றது. அப்போது தேவருக்கு வயது 34.

இச்சங்கத்தின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. நூல் இல்லை என்ற குறைக்குப் பாண்டியன் புத்தகசாலை. ஆசிரியர் இல்லை என்ற குறைக்குச் செந்தமிழ்க் கலாசாலை. ஆய்வு ஊரெல்லை கடந்து பரவ 1902-இல் ‘செந்தமிழ்’ இதழ். அதன் முதல் ஆசிரியர் ரா. இராகவையங்கார். ஏட்டை நூலாக்க அச்சுக்கூடம். கற்றாரை அளந்தறியப் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்னும் தேர்வுகள். அக்காலத்தின் புதிய தொழில்நுட்பம் அச்சு. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை ஆகியவற்றை 1887-க்கும் 1898-க்கும் இடையில் அச்சேற்றியிருந்தார். அப்பொறியின் ஆற்றலைத் தேவர் உணர்ந்திருந்தார். மேடைப் பேச்சோடு நின்றிருந்தால் அம்முயற்சி அவர் மறைந்த 1911-ஆம் ஆண்டோடு மறைந்திருக்கும்.

ஒரு குறையையும் ஈண்டுச் சுட்டுதல் கடமை. பண்டிதத் தேர்வுகள் இலக்கண இலக்கியங்களையே உள்ளீடாகக் கொண்டன. பெருங்கொல்லனுக்கும் மருத்துவன் தாமோதரனாருக்கும் இருக்கை தந்த பழைய அவையின் அகலம் புதிய சங்கத்தில் இல்லை. கைத்தொழிலும் அறிவியலும் வாயிலுக்கு வெளியே நின்றன.

அறிவியல் கற்ற பண்டிதர்

அவ்வாயிலைத் திறந்தவர் ஒருவர் கடல் கடந்து வந்தார். 1892-இல் இலங்கைக் காரைதீவில் பிறந்த மயில்வாகனம், கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் 1916-இல் அறிவியல் பட்டயம் பெற்றார். அதே ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்விலும் தேறினார். 1920-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியற் பட்டமும் பெற்றார். பின்னாளில் துறவு பூண்டு விபுலாநந்த அடிகள் ஆன அப்பெருமகனாரே அவர்.

1916 மற்றொரு வகையிலும் நினைவிற் கொள்ளத்தக்க ஆண்டு. சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் வகுக்கச் சங்கம் கண்டு இதழும் தொடங்கினர். தமிழ்ச் சொல்லுக்கான அவ்விதழ் ஆங்கிலத்தில் வெளிவந்ததைப் பாரதியார் சுட்டிக் காட்டினார். 1904-இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த கவிஞர், வேதியியற் சொல்லாக்கத்தில் தமக்கும் பங்குண்டு என்று கருதியமை நம் கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது.

1936-இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்கு விபுலாநந்தர் தலைமை தாங்கினார். 1938-இல் கலைச்சொற்கள் நூலாக வெளிவந்தன. அவர்தம் வாழ்நாட் பணி ‘யாழ் நூல்’. வழக்கொழிந்த யாழை மீட்க அவர் சிலப்பதிகார உரைகளையும் நாடினார். நரம்பின் நீளத்திற்கும் சுருதிக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடும் இயற்பியலையும் நாடினார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக 1947-இல் அந்நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். இலக்கியம் மட்டும் கற்றவராயின் யாழின் கணக்கு அவர்க்கு எட்டியிராது. அறிவியல் மட்டும் கற்றவராயின் யாழ் என்ற ஒன்று இருந்ததே தெரிந்திராது.

விசைப்பலகையில் இலக்கணம்

விடுதலைக்குப் பின் மதுரையில் கல்வி விரிந்தது. ஆலை அதிபரும் தமிழன்பருமாகிய கருமுத்து தியாகராசச் செட்டியார் 1949-இல் கலைக் கல்லூரியையும் 1957-இல் பொறியியற் கல்லூரியையும் நிறுவினார். 1966-இல் தோன்றிய மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் தமிழறிஞர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார். வாய்ப்புகள் பெருகின, ஆயினும் பாடத்துறைகள் தனித்தனிச் சுவர் எழுப்பிக் கொண்டன. குன்றக்குடி அடிகளார் புத்துருத் தந்த பட்டிமன்றம், மதுரைப் பேராசிரியர் சாலமன் பாப்பையா போன்றோரால் சிற்றூர்த் திடல்வரை சென்றது. எளிய மக்களை அவையாக்கியது அதன் வெற்றி. ஆனால் அறிவியலும் தொழிலும் அதன் தலைப்புகளில் இடம் பெற்றது அரிதே.

இரு கூட்டத்தாரும் ஒன்றாக அமர்ந்தால் விளைவது யாது என்பதை 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு காட்டியது. கணினி வல்லுநரும் தமிழறிஞரும் கலந்துரையாடிய அம்மாநாட்டின் வழி ‘தமிழ் 99’ விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். மெய்யை அடுத்து உயிரைத் தட்டினால் உயிர்மெய் பிறக்கும். ஙகரத்தை அடுத்துக் ககரமோ, ஞகரத்தை அடுத்துச் சகரமோ வந்தால் முன்னதன் மேல் புள்ளி தானே அமையும். மெல்லெழுத்துக்கு வல்லெழுத்து இனம் என்று நாம் வகுப்பறையில் நடத்தும் இலக்கணம், விரலின் உழைப்பைக் குறைக்கும் வடிவமைப்பாக மாறியது. நூலறிந்தோரும் பொறியறிந்தோரும் ஓரவையில் இருந்தமையால் விளைந்த பயன் இது.

நம் வட்டத்தின் பணி

இவ்வரலாற்றால் இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. புத்தகசாலை, இதழ், சொற்றொகுதி, பொறி என்று கையில் எடுத்துக் காட்டத்தக்க ஒன்றை விட்டுச் சென்ற அவைகளே நிலைத்தன. தொழிலறிவையும் சொல்லறிவையும் ஒருங்கு அமர்த்திய அவைகளே புதியது படைத்தன.

நம் வட்டத்திற்கு இதனின்று ஒரு வேண்டுகோள் பிறக்கிறது. ஆண்டின் பன்னிரு கூட்டங்களுள் மூன்றையேனும் தொழில் வல்லார்க்கு ஒதுக்குவோம். துணியில் முடிச்சிட்டுச் சாயம் ஏற்றும் சுங்குடிக் கலைஞர், விளாச்சேரியில் மண் பொம்மை வனைவோர், கோயிற் கல்லை அளந்து வெட்டும் சிற்பி, 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை போன்ற இடங்களில் பணிபுரியும் மருத்துவர், கணினிக்கு நிரல் எழுதும் இளைஞர் ஆகியோர் தம் தொழிலைத் தம் மொழியிலேயே விளக்கட்டும். கவிஞர் அன்று கேட்போராக அமர்க. அவர்கள் வாயில் வழங்கும் சொற்களைக் குறித்து, ஆண்டுக்கொரு சிறு தொகுதியாக அச்சிடுவோம்.

இது அவர்களுக்கு நாம் செய்யும் உதவி அன்று. ஒரு தொழில் கைவிடப்படும்போது அத்தொழிலுக்குரிய சொற்களும் உடன் மறைகின்றன. அகராதியில் ஏறாத அச்சொற்களை இழந்தால் வறுமை அடைவது நம் கவிதையே. நக்கீரர் கயிறிட்டோரைப் புலவர் என்றழைத்தது அவர்தம் வேலையை அருகிருந்து கண்டமையால் ஆகலாம். நாமும் காண்போம். வட்டத்தின் இருபதாம் ஆண்டு மலரில் கொல்லரும் மருத்துவரும் எழுதிய பக்கங்கள் இடம் பெறுக.