மாணவர் பூசலும் சமரச மரபும்

மாணவர் பூசல் இக்காலத்துப் பிள்ளைகளிடம் புதிதாகத் தோன்றிய குணம் என்று பெரியோர் பலர் கருதுவதுண்டு. வரலாறு அக்கருத்துக்கு இடந்தருவதில்லை. பல்கலைக் கழகம் என்னும் அமைப்பு ஐரோப்பாவில் வேரூன்றிய 13-ஆம் நூற்றாண்டிலேயே பூசலும் அதனுடன் வளர்ந்தது. பூசலைத் தணிக்கும் வழிகளும் அப்போதே ஆராயப்பட்டன. அவற்றுள் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்பதை இன்று சிறிது நோக்குவோம்.

அந்நாளில் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளும் பாரிஸ், ஆக்ஸ்போர்டு போன்ற நகரங்களுக்குக் கல்வி தேடிச் சென்றனர். உற்றார் உறவினர் அங்கே இல்லை. பாடம் லத்தீன் மொழியில் நடந்தது. ஆயினும் மனம் தாய்மொழியையே நாடியது. ஆகவே ஒரே வட்டாரத்தார் ஒன்றுகூடி 'நாட்டார் குழு'க்களாக அமைந்தனர். பாரிஸில் பிரெஞ்சு, பிக்கார்டி, நார்மன், ஆங்கிலம் என நான்கு குழுக்கள் இருந்தன. நோயிலும் வறுமையிலும் துணை நின்ற அக்குழுவே, சண்டை என்று வந்தால் படையாகவும் மாறியது.

1266-இல் பாரிஸில் பிரெஞ்சுக் குழுவுக்கும் ஏனைய மூன்று குழுக்களுக்கும் பிளவு ஏற்பட்டது. கலைப்பிரிவு ஆசிரியர்களே அச்சண்டையின் முன்னணியில் நின்றனர். அவர்களும் இளைஞரே, பலர் ஒருபுறம் கற்பித்துக்கொண்டே மறுபுறம் உயர்கல்வி பயின்றவர். பிற்காலத்தில் தத்துவ அறிஞராகப் புகழ்பெற்ற பிரபாந்து நாட்டு சீகர் வரலாற்றில் முதன்முதலாக நம் கண்ணுக்குத் தென்படுவது இச்சண்டை பற்றிய ஆவணத்திலேதான். அதுவும் குற்றஞ்சாட்டப்பட்டவருள் ஒருவராக! போப்பாண்டவரின் தூதர் சீமோன் தெ பிரியோன் தலையிட்டு, அவ்வாண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் தமது முடிவை வெளியிட்டார். பூசல் அடங்கியது. ஆனால் சில ஆண்டுகளுக்குள், பல்கலைக் கழகத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் அவர்கள் மறுபடியும் இரண்டுபட்டனர். 1275-இல் அதே தூதர் மீண்டும் வந்து, ஓவேர்ஞ் நாட்டுப் பீட்டரைத் தாமே தலைவராக நியமிக்க நேர்ந்தது. மேலிருந்து வந்த முடிவு சண்டையை நிறுத்தியது. சேர்ந்து வாழும் பழக்கத்தை அதனால் உண்டாக்க முடியவில்லை.

ஆக்ஸ்போர்டில் வடவர், தென்னவர் என இரு பிரிவுகள் இருந்தன. ஸ்காட்லாந்தார் வடவருடனும், அயர்லாந்தாரும் வேல்ஸ் நாட்டாரும் தென்னவருடனும் சேர்ந்தனர். 1252-இல் வடவருக்கும் அயர்லாந்தாருக்கும் இடையே எழுந்த பூசல் ஓர் உடன்படிக்கையில் முடிந்தது. இதன் சிறப்பு, அமைதியைக் காக்கும் பொறுப்பு சண்டையிட்டவர்களிடமே விடப்பட்டது என்பதுதான். அமைதியைக் காப்போம், அதைக் குலைப்பவர் யாராயினும் வேந்தரிடம் தெரிவிப்போம் என்று இரு தரப்பாரும் உறுதிமொழி ஏற்றனர். வட்டாரப் புனிதர்களின் விழா நாட்களில் முகமூடியும் மாலையும் அணிந்து தெருவில் ஆடிச் செல்லுதலும் அக்காலத்தில் தடுக்கப்பட்டது. பூசல் பிறக்கும் இடத்தை நன்கு அறிந்தவர்கள் செய்த விதி அது.

பின்னரும் பூசல் எழாமல் இல்லை. 1274-இல் இரு நாட்டார் குழுக்களும் தனி அமைப்புக்களாக இயங்குவது ஒழிந்தது. எனினும், ஒழுங்கைக் காக்கும் பிராக்டர் என்னும் அதிகாரிகள் இருவருள் ஒருவர் வடவராகவும் மற்றவர் தென்னவராகவும் இருக்கும் வழக்கம் தொடர்ந்தது. பிரிவினை நீங்கிற்று, பங்கு நீங்கவில்லை. தம்மவர் ஒருவர் பொறுப்பில் இருக்கிறார் என்ற நம்பிக்கை இரு தரப்பாருக்கும் கிட்டியது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் அங்கேயே உண்டு. 1334-ஐ ஒட்டி, மனங்கசந்த வடவர் பலர் ஆக்ஸ்போர்டைத் துறந்து ஸ்டாம்போர்டு நகரில் தனியே கல்வி நடத்தலாயினர். அவர்களை அழைத்துப் பேசும் வழியை நாடாது, பல்கலைக் கழகம் மூன்றாம் எட்வர்டு மன்னரிடம் முறையிட்டது. 1335-இல் அரசாணையின் வலிமையால் ஸ்டாம்போர்டு முயற்சி கலைக்கப்பட்டது. ஆனால் கசப்பு கலையவில்லை. ஸ்டாம்போர்டில் பாடஞ் சொல்ல மாட்டேன் என்ற சத்தியத்தை ஆக்ஸ்போர்டில் முதுகலைப் பட்டம் பெறுவோர் செய்ய வேண்டியிருந்தது. அது 1827 வரை நீடித்தது. சண்டையை மறந்த தலைமுறைகளும் அச்சத்தியத்தைச் சுமந்தன.

நீதிபதி மேலே அமர்பவர். மத்தியஸ்தர் நடுவில் நிற்பவர். அவர் தீர்ப்புக் கூறுவதில்லை. இரு தரப்பாரும் தமக்குத் தாமே கூறிக்கொள்ளும் தீர்ப்பை எட்டத் துணை செய்கிறார். நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பட்ட சமரசச் சட்டம் இந்நெறிக்குச் சட்ட உருவம் தந்தது. ஒரு வட்டாரத்து மக்களின் அமைதிக்கு ஊறு செய்யக்கூடிய தகராறுகளை மூவர் குழுவின் துணையுடன் பேசித் தீர்க்கவும் அச்சட்டம் இடமளித்தது. விடுதி உணவு, விழா, மொழி, அறைப் பங்கீடு ஆகியவற்றால் மாணவரிடையே எழும் சச்சரவுகளுக்கு இந்நெறி மிகவும் பொருந்துவதாகும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் சமரசம் மருந்தாகாது. ஒருவன் வலியன், மற்றவன் அஞ்சி நடுங்குபவன் என்ற நிலையில், 'பேசித் தீர்த்துக்கொள்' என்பது எளியவனைக் கைவிடுவதேயாகும். ராகிங் கொடுமையைத் தடுக்கப் பல்கலைக் கழக மானியக் குழு 2009-இல் வகுத்த விதிமுறைகள் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாகவே கொண்டன. குற்றம் நேர்ந்தால் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் விதித்தன. சமரசம் சமமானவர்களுக்கு உரியது. சமநிலை இல்லாத இடத்தில் முதலில் வேண்டுவது பாதுகாப்பு.

ஆகவே மாணவர் பூசலில் நடுநிற்க முன்வருவோர் யார் குற்றவாளி என்று உடனே தேடப் புகாமல், இருவரும் அச்சமின்றிப் பேசக்கூடிய நிலையில் இருக்கின்றனரா என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். பின்னர் ஒரு தரப்பார் கூறியதை மற்றத் தரப்பார் தம் வாயால் திருப்பிக் கூறச் செய்தல் நலம். பாதிக் கோபம் அங்கேயே தணியும். முடிவில், நாளை முதல் இவ்வமைதியைக் காப்பவர் யார் என்ற கேள்வியை இரு தரப்பார் முன்பும் வைத்தல் வேண்டும். இரு தரப்பிலிருந்தும் ஆளுக்கொரு பெயர் அக்கேள்விக்கு விடையாக வருமாயின், நடுநின்றவர் நிம்மதியாக விலகிக்கொள்ளலாம்.