செய்தி சொல்லக் கூடாத வானொலி

வானொலிச் செய்தி என்றதும் நம்மில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் காதில் இன்னும் ஒலிப்பது, ‘செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி’ என்ற குரல். மும்பையில் பிறந்து தில்லி வானொலியில் பணியாற்றிய தமிழ்ப் பெண்மணி அவர். 2022-ல் மறைந்தார். தமிழ்நாட்டுக் கிராமத்து டீக்கடையில் கேட்ட செய்தி, தில்லியில் தொகுக்கப்பட்டு, நம்மைப் போன்ற ஒரு வெளிமாநிலத் தமிழரால் வாசிக்கப்பட்டது என்பதில் நமக்கெல்லாம் ஒரு பெருமை உண்டு. ஆனால் அந்த டீக்கடைக்கு எதிரே குழாய் உடைந்து மூன்று நாளாகத் தண்ணீர் ஓடினால், அதைப்பற்றி அந்த வானொலியில் ஒரு வார்த்தை வராது. வங்கதேசப் போர் தெரியும். வாசலில் நடப்பது தெரியாது. இதுதான் அன்றைய வானொலி.

இந்தக் குறையைப் போக்கக் கல்லூரி மாணவர் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். கொடுக்கும்போதே ஒரு நிபந்தனையும் போட்டார்கள். வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இந்தக் கதையை மலர் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நம்ம வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று இதழியலும் ஊடகவியலும் படிப்பதால், இது நம் வீட்டுக் கதையும்கூட.

கிரிக்கெட்டில் பிறந்த உரிமை

நம் நாட்டில் வானொலியைத் தொடங்கி வைத்தவர்கள் ஆர்வலர்களே. 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிச் சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமில்லாமல் 1927-ல் அது மூடப்பட்டது. பின்னர் 1930 முதல் சென்னை மாநகராட்சி அந்தப் பணியை ஏற்று நடத்தியது. 1938-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தபின் எல்லாம் அரசின் கைக்குப் போயிற்று. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் ஒலிபரப்பும் உரிமையை அரசுக்கே அளித்திருந்தது. சுதந்திரம் வந்த பிறகும் அந்தச் சட்டம் தொடர்ந்தது.

பூட்டைத் திறந்தது, வேடிக்கையாகச் சொன்னால், கிரிக்கெட். 1993-ல் நடந்த ஹீரோ கோப்பைப் போட்டிகளை யார் ஒளிபரப்புவது என்று வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் அரசுக்கும் தகராறு மூண்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1995 பிப்ரவரி 9 அன்று தீர்ப்பு வந்தது. அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து, அவற்றில் அரசுக்கோ தனியாருக்கோ ஏகபோகம் கூடாது என்பது அதன் சாரம். வழக்குப் போட்டவர்கள் எண்ணியது பந்தும் மட்டையும்தான். கிடைத்ததோ மக்கள் அனைவருக்குமான ஓர் உரிமை.

அந்த உரிமை முதலில் வணிகர்களைத்தான் எட்டியது. 2001-ல் பெங்களூரில் முதல் தனியார் எஃப்.எம். நிலையம் வந்தது. 2002 டிசம்பரில்தான் கல்வி நிறுவனங்களும் வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு முடிவெடுத்தது.

கிண்டியில் ஒரு தொடக்கம்

அந்த அனுமதியின்கீழ் நாட்டிலேயே முதலாவதாக எழுந்தது சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘அண்ணா எஃப்.எம்.’. 2004 பிப்ரவரி 1 அன்று 90.4 மெகாஹெர்ட்சில் ஒலிக்கத் தொடங்கியது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் பேராசிரியர் ஆர். ஸ்ரீதர். இத்தகைய நிலையங்களின் ஆற்றல் பொதுவாக 100 வாட். சில கிலோமீட்டர் சுற்றளவுக்குத்தான் கேட்கும். ஆனால் அந்தச் சிறிய எல்லைதான் அதன் பலம். பல்கலைக்கழகத்தைச் சுற்றியிருந்த குடிசைப் பகுதிப் பெண்கள் கேட்பவர்களாக மட்டும் இல்லாமல், உடல்நலம், சத்துணவு என்று தங்களுக்கு வேண்டிய விஷயங்களைப் பேசுகிறவர்களாகவும் ஆனார்கள்.

2006 நவம்பரில் அரசு கொள்கையை விரித்து, தொண்டு நிறுவனங்களுக்கும் இடம் தந்தது. 2007-ல் பெங்களூரில் ஜெயின் கல்விக் குழுமத்தின் ‘ரேடியோ ஆக்டிவ்’ வந்தது. குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களும் திருநங்கைகளும் அங்கே ஒலிவாங்கியின் முன் அமர்ந்து தாமே பேசினார்கள். சும்மா சொல்லக் கூடாது, பெரிய நிலையங்கள் அரை நூற்றாண்டாகச் செய்யாததை இந்தச் சின்ன நிலையங்கள் செய்தன. 2024-ல் நாடு முழுவதும் சமுதாய வானொலி நிலையங்களின் எண்ணிக்கை 500-ஐ நெருங்கியது.

செய்தியும் சேதியும்

இனி நிபந்தனைக்கு வருவோம். செய்தியும் நடப்பு நிகழ்வுகளும் அரசியல் சார்ந்தவையும் இந்த நிலையங்களில் கூடாது என்பது விதி. பின்னாளில் அரசு கொஞ்சம் இறங்கி வந்தது. வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு, மின்தடை, குடிநீர் அறிவிப்பு, பேரிடர் எச்சரிக்கை போன்றவை ‘செய்தி அல்ல’ என்று வகைப்படுத்தப்பட்டன. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே மறுஒலிபரப்பலாம், உள்ளூர் மொழியில் பெயர்த்தும் சொல்லலாம் என்றும் இசைவு தந்தார்கள். அதாவது, ஒரு மாணவி தில்லி சொன்னதைத் திருப்பிச் சொல்லலாம்; தன் தெருவில் தானே கண்டதைச் செய்தியாகச் சொல்லக் கூடாது!

தமிழில் செய்தி என்றும் சொல்கிறோம், பேச்சு வழக்கில் சேதி என்றும் சொல்கிறோம். மாணவர் வானொலி இந்த இரண்டுக்கும் நடுவே கயிற்றின்மேல் நடக்கிறது. டெங்கு வராமல் தண்ணீரை மூடி வையுங்கள் என்பது சேதி, தடையில்லை. எங்கள் தெருவில் மூன்று வாரமாகக் குப்பை எடுக்கவில்லையே, ஏன் என்று மாநகராட்சியைக் கேட்டால்? அது சமூகப் பிரச்சினையா, நடப்பு நிகழ்வா? இருபது வயதுப் பிள்ளைக்கு இந்தக் கோடு எங்கே என்று தெரியாது. அதனால் கோட்டுக்குப் பத்தடி முன்பே நின்றுவிடத் தோன்றும். அனுமதி போய்விடுமோ என்று நிர்வாகமும் அஞ்சும். தண்டனை எதுவும் வராமலே வாய் அடங்கிவிடும்.

அரசுத் தரப்பிலும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். நூற்றுக்கணக்கான சிறு நிலையங்களைக் கண்காணிக்க வசதியில்லை, கலவர நேரத்தில் ஒரு வதந்தி போதும் என்கிறார்கள். இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் நாளிதழுக்கும் தொலைக்காட்சிக்கும் இல்லாத தடை வானொலிக்கு மட்டும் ஏன் என்ற கேள்வி நிற்கத்தானே செய்கிறது? ‘காமன் காஸ்’ என்ற அமைப்பு 2013-ல் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. 2017 ஜனவரியில் நீதிபதிகளும் அரசிடம் காரணம் கேட்டார்கள். வதந்திக்கு மருந்து சரியான செய்தி. அதைச் சரிபார்த்துச் சொல்லப் பழக்குவதற்குக் கல்லூரியைவிட நல்ல இடம் எது?

கடல் கடந்த ஒரு சான்று

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டபிள்யூ.கே.சி.ஆர். என்ற மாணவர் வானொலி இருக்கிறது. ஜாஸ் இசைக்குப் பேர் போனது. 1968 ஏப்ரலில் மாணவர்கள் அங்கே கட்டடங்களைக் கைப்பற்றிப் போராடினார்கள். காரணங்கள் இரண்டு. ஒன்று, வியட்நாம் போர் தொடர்பான ஆய்வு அமைப்போடு பல்கலைக்கழகம் கொண்ட உறவு. மற்றது, பக்கத்திலிருந்த ஹார்லெம் மக்களின் பூங்காவில் பல்கலைக்கழகம் கட்டத் தொடங்கிய உடற்பயிற்சிக் கூடம். ஏப்ரல் 30 அதிகாலையில் காவலர் நுழைந்து சுமார் 700 பேரைக் கைது செய்தார்கள். அந்தப் போராட்டத்தை மாணவ வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. 56 ஆண்டுகள் கழித்து, 2024-ல் அதே ஏப்ரல் 30 இரவு, காசாப் போரை ஒட்டிய போராட்டத்தில் அதே வளாகத்தில் காவலர் நுழைந்தபோதும் மாணவர்கள் நேரலையில் இருந்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. வியட்நாம் நடப்பு நிகழ்வு, பூங்கா அக்கம்பக்கத்துப் பிரச்சினை. ஆனால் இரண்டும் ஒரே வாசலில்தான் வந்து நின்றன. ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டிருந்தால் நடந்தது யாருக்கும் விளங்கியிருக்காது. அந்த நிலையத்தின் உரிமமும் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

நமக்கு இதில் என்ன?

சமுதாய வானொலி விதிகளில் நமக்குப் பயன்படும் இரண்டு உண்டு. நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்த வட்டாரத்திலேயே தயாராக வேண்டும். கூடுமானவரை அந்த வட்டார மக்கள் பேசும் மொழியில் இருக்க வேண்டும். பெங்களூரிலும் மும்பையிலும் தில்லியிலும் தமிழ் பேசும் தெருக்கள் எத்தனை! அங்கெல்லாம் தமிழும் வட்டார மொழிகளில் ஒன்றுதானே?

2001-ல் மூடப்பட்ட கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய தாத்தாக்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். தாராவியில் தோல் பதனிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய எந்தத் தடையும் இல்லை. உங்கள் மகனோ மகளோ படிக்கும் கல்லூரியில் வானொலி நிலையம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் வாரம் அரை மணி நேரம் தமிழுக்குக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். முதலில் தாத்தாவின் கதை வரட்டும். அடுத்த வாரம் தெருவின் தண்ணீர்க் கஷ்டம் வரட்டும். தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்கும் நாளும் வரும். அன்று அந்தப் பிள்ளை பயப்படாமல் கேட்க வேண்டுமானால், செய்தித் தடை நீங்க வேண்டும் என்று நம் போன்ற சங்கங்களும் இப்போதே குரல் கொடுக்க வேண்டும்.