இரவு ஒன்பதே காலுக்கு ஒரு தையல் கடை

1986-இல் குளித்தலையில் தபால்காரனாக வேலைக்குச் சேர்ந்தேன். என் பீட்டில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தையல் கடை இருந்தது. ஒரு மெஷின், ஒரு கட்டிங் மேசை, சுவர்ப் பலகையில் ஒரு மர்ஃபி ரேடியோ, அதன் பின்னாலிருந்து கிளம்பி ஓட்டு விளிம்பு வழியாக வேப்பமரத்துக்குப் போகும் ஒரு செம்புக் கம்பி. இவ்வளவுதான் கடை. ஆனால் ஊரில் மில் முதலாளிக்கும் வராத தபால்கள் அந்தக் கடைக்கு வரும். லண்டன், பெய்ஜிங், மணிலா, மாஸ்கோ. சார்ட்டிங் மேசையில் பெரியவர் ஒருவர் அந்தக் கவர்களை எடுத்துத் தனியாக என் பக்கம் தள்ளிவிட்டு, “டெய்லர் கவர்மெண்ட்டு தபால்” என்பார்.

முதல் வாரமே தையல்காரரிடம் கேட்டுவிட்டேன். “அண்ணே, இவங்களுக்கெல்லாம் உங்களை எப்படித் தெரியும்?”

“நான் கேக்குறேன்னு எழுதுனேன் தம்பி. கேட்டதுக்கு நன்றின்னு அனுப்புறாங்க.”

கவரைப் பிரித்து ஓர் அட்டையை என்னிடம் நீட்டினார். ஒரு பக்கம் சீனப் பெருஞ்சுவரின் படம். மறுபக்கம் அவர் பெயர், குளித்தலை, திருச்சி மாவட்டம், 639104. அதற்குக் கீழே தேதி, நேரம், அலைவரிசை. கியூ.எஸ்.எல். கார்டு என்றார். “நீங்கள் கேட்டது எங்கள் நிலையத்தைத்தான்” என்று வானொலி நிலையம் தரும் அத்தாட்சி அது. கரூர் மாவட்டம் 1995-இல்தான் பிரிந்தது. அதனால் அவருடைய பழைய அட்டைகள் எல்லாவற்றிலும் நாங்கள் திருச்சி மாவட்டத்துக்காரர்கள்தான்.

அந்தக் கடை ஒரு நேயர் மன்றம். சிற்றலை வானொலி கேட்பவர்கள் கூடிய இடம். 1980-களிலும் 90-களிலும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இப்படிப் பல மன்றங்கள் இருந்தன. சினிமா ரசிகர் மன்றங்களைப் பற்றி ஆராய்ச்சி நூல்களே வந்துவிட்டன. கட்அவுட்டும் கொடியும் இல்லாத இந்த மன்றங்களைப் பற்றி யாரும் உட்கார்ந்து எழுதியதாகத் தெரியவில்லை. 31 ஆண்டு அதற்குள் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

சிற்றலை ஒரு விசித்திரம். பண்பலை ஒலி பக்கத்து மாவட்டம் தாண்டாது. சிற்றலை மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, கடல் தாண்டி இறங்கும். பி.பி.சி. தன் பேரரசு ஒலிபரப்பை 1932 டிசம்பரில் தொடங்கியது இந்த வித்தையை நம்பித்தான். ஆனால் அது நிலையாக நிற்காது. பகலில் 19 மீட்டர், 16 மீட்டர் நன்றாக இருக்கும். இருட்டினால் 31, 41, 49 என்று முள் நகர வேண்டும். சூரியனில் புள்ளிகள் கூடிக் குறைகிற பதினோரு ஆண்டுச் சுழற்சிக்கு ஏற்ப எல்லாம் மாறும். அண்ணன் எட்டாவதுக்கு மேல் படித்ததில்லை. ஆனால் 1989-இல் சூரியப் புள்ளிகள் உச்சத்தில் இருந்தபோது, “இந்த வருசம் 13 மீட்டர் தெறந்துக்கிச்சு தம்பி” என்று சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டே சொன்னவர் அவர்.

லண்டனில் உட்கார்ந்திருக்கும் பொறியாளருக்குத் தன் ஒலி காவிரிக் கரையில் எப்படி இறங்குகிறது என்று தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவர் கேட்பவர். அதற்கென்று உலகம் முழுக்கப் பொதுவாக ஒரு கணக்கு உண்டு, சின்போ. ஐந்து எண்கள். ஒலியின் வலு, பக்கத்து நிலையத்தின் குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத்தில் எப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். எல்லாம் ஐந்து என்றால் பக்கத்து அறையில் பேசுவது போல் கேட்டது என்று பொருள்.

நான் முதலில் எழுதிய அறிக்கையில் ஐந்து ஐந்தாகப் போட்டேன். வெளிநாட்டுக்காரர்கள் மனம் கோணக் கூடாதே என்ற மரியாதை. அண்ணன் அந்த ஏரோகிராமை வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். “நேத்து பாதி நேரம் அரபிக்காரன் மேல வந்து விழுந்தான்ல? அதுக்கு எதுக்கு அஞ்சு? நல்லாருக்குன்னு நீ பொய் சொன்னா அவன் ஆண்டெனாவைத் திருப்ப மாட்டான் தம்பி. நாளைக்கு லாலாப்பேட்டைக்காரனுக்கும் கேக்காது.”

ஏரோகிராம் ஒன்று வீணாயிற்று. எனக்கு அது பெரிய காசு. அவர் கல்லாவிலிருந்து இன்னொன்றுக்குக் காசு எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து நான் கேட்டதை மட்டுமே எழுதினேன்.

அறிக்கை எழுதும்போது அவரைப் பார்க்க வேண்டும். சாக்கட்டியும் டேப்பும் ஓரமாகப் போய்விடும். குயர் நோட்டில் நான்கு பத்தி கோடு. நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழித்து உலக நேரம் போட வேண்டும். இரவு 9.15 என்றால் 15.45. நிகழ்ச்சியில் கேட்டவற்றை நிமிடக் கணக்கோடு குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் கேட்காமலே எழுதியதாக எண்ணிவிடுவார்கள். துணி வெட்டும் ஆள் என்பதால் கோடு நூல் பிடித்த மாதிரி இருக்கும். நோட்டில் எழுதிய பிறகுதான் ஏரோகிராமில் படி எடுப்பார். நோட்டு அவரிடமே தங்கும்.

மன்றத்தில் அதிகம் போனால் இருபது பேர். அய்யர்மலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர், லாலாப்பேட்டையில் கொடிக்கால் வைத்திருந்தவர், டீக்கடைக்காரர், இரண்டு கல்லூரிப் பையன்கள், பிரம்பு நாற்காலி பின்னும் பார்வையற்ற ஒருவர். அவரை நாங்கள் எல்லோரும் மாமா என்போம். நிலையத்தின் பெயர் சொல்வதற்கு முன் ஒலிக்கும் அடையாள இசை ஒன்று உண்டு. அதை வைத்தே மாமா நாட்டைச் சொல்லிவிடுவார். மணிக்கூண்டு ஒலியா, லண்டன். குக்கபுரா பறவை சிரிக்கிறதா, ஆஸ்திரேலியா. தம்புராவோடு வயலின் இழைகிறதா, அது நம் ஆல் இந்தியா ரேடியோ, வால்டர் காஃப்மன் என்ற ஐரோப்பியர் 1936-இல் அமைத்த இசை. முள்ளைத் திருப்பும் உரிமை மன்றத்தில் மாமாவுக்குத்தான். மயிரிழை நகர்த்தி, விட்டு, மறுபடி நகர்த்தி, “இந்தா இருக்கான்” என்பார்.

சிற்றலை நிலையங்கள் ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும், அலைவரிசை மாற்றும். அந்த வாரம் மன்றத்துக்குத் திருவிழா. புது அலைவரிசைகளைத் தேடிப் பிடித்து, ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் எடுத்து மற்ற ஊர் மன்றங்களுக்கு அனுப்புவோம். அவர்களும் அனுப்புவார்கள். பதினைந்து பைசா கார்டில் தேனியும் தர்மபுரியும் தூத்துக்குடியும் எங்களோடு பேசின. நேரில் பார்க்காத எத்தனையோ பேர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை தையல் கடைக்கு வந்தது. அவற்றைக் கொண்டுவந்து கொடுத்தவன் நான். ஆசிரியரின் மகளுக்கு மாப்பிள்ளை அமைந்ததே சேலத்து நேயர் ஒருவர் மூலமாகத்தான்.

எந்த நிலையத்தைக் கேட்டோம் என்றால், தமிழ் பேசிய எல்லாவற்றையும். சீன வானொலி தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது 1963 ஆகஸ்ட் 1. எல்லைப் போர் முடிந்து ஓராண்டு கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் தமிழில் பேசத் தொடங்கிய நாட்டை, இருபது முப்பது ஆண்டு கழித்து எங்கள் ஊர் டீக்கடைக்காரர் பாசத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். சீனர்களே தமிழ் படித்து, தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு பேசினார்கள். ‘ழ’ சரியாக வந்த நாளில் ஆசிரியர் பாராட்டிக் கடிதம் போடுவார், தடுமாறிய நாளில் திருத்தம் போடுவார். மணிலாவிலிருந்து வேரித்தாஸ். மாஸ்கோ. வத்திக்கான். யார் என்ன கொள்கை பேசினாலும் கேட்டோம். அவற்றை அப்படியே நம்பினோமா என்றால் இல்லை. ஒரே சேதியை மூன்று நாடுகள் மூன்று விதமாகச் சொல்வதைப் அந்த வயதிலேயே கேட்ட அந்தக் கல்லூரிப் பையன்களை யாராலும் எளிதில் ஏமாற்ற முடியாது என்று இன்றும் நம்புகிறேன்.

ஆனாலும் இரவு 9.15 வேறு. அது பி.பி.சி. தமிழோசை. உலகப் போர்க் காலத்தில், 1941 மே 3 அன்று தொடங்கிய தமிழ் ஒலிபரப்பு. ‘தமிழோசை’ என்ற பெயரை வைத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர் சோ. சிவபாதசுந்தரம், ‘ஒலிபரப்புக் கலை’ என்ற நூலை எழுதியவர். 1983-க்குப் பிறகு இலங்கையில் என்ன நடக்கிறது என்று அறிய எங்கள் பக்கத்துச் சனங்களுக்கு இருந்த நம்பகமான வழி அந்த அரை மணி நேரம். மன்றத்தில் இல்லாதவர்களும் கடை வாசலில் வந்து நிற்பார்கள். திருச்சிப் பக்கத்து அகதி முகாமிலிருந்து கூலி வேலைக்கு வந்த ஒருவர் மெஷின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து கேட்பார். தன் ஊர்ப் பெயர் வருகிறதா என்றுதான் கேட்பார். வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். அண்ணன் ரேடியோவின் ஒலியைக் கூட்டுவார், அவருக்கு வெளியிலும் கேட்கட்டும் என்று.

பிறகு ஒவ்வொன்றாக நின்றது. டி.வி. வந்தது, பண்பலை வந்தது, கைப்பேசி வந்தது. சிற்றலை அனுப்பிகளுக்கு ஆகும் மின்சாரம் கொஞ்ச நஞ்சமில்லை. நெதர்லாந்து வானொலியும் கனடா வானொலியும் 2012 ஜூனில் சிற்றலையை விட்டன. அதே ஆண்டு ஜூலையில் பி.பி.சி. உலகச் சேவை, நாங்கள் கவர் மேல் எழுதி எழுதிப் பழகிய புஷ் ஹவுஸைக் காலி செய்தது. 2017 ஜனவரி 31 அன்று ஆஸ்திரேலியா நின்றது. குக்கபுரா சிரிப்பு இனி வராது என்று சொன்னபோது மாமா பின்னிக்கொண்டிருந்த பிரம்பைக் கீழே வைத்துவிட்டார். அன்று மாலை அவர் வேலை செய்யவில்லை.

மூன்றே மாதத்தில் தமிழோசை. 76 ஆண்டுச் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை இரவோடு முடிகிறது என்று அறிவித்துவிட்டார்கள். தமிழ்ப் பிரிவு இணையத்தில் தொடரும் என்றார்கள், தொடர்கிறது. அன்றிரவு எட்டு மணிக்கே கடைக்குப் போனோம். ஏழு பேர். ஆசிரியர் அதற்குள் காலமாகிவிட்டார். கல்லூரிப் பையன்களில் ஒருவர் நரைத்த தலையோடு திருப்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்.

எங்கள் பெரிய எதிரி இரைச்சல். எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர், செல்போன் சார்ஜர், செட்டாப் பாக்ஸ், எல்லாமே சிற்றலையில் கரகரக்கும். அண்ணன் பக்கத்து செல்போன் கடைக்காரத் தம்பியிடம் போய், “அரை மணி நேரம் மெயினை நிறுத்துறியாப்பா?” என்று கேட்டார். அந்தப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பெரியவர் கேட்கிறாரே என்று நிறுத்திவிட்டு, எங்களோடு வந்து உட்கார்ந்துகொண்டான். தையல் கடையிலும் மெயினை இறக்கினோம். பேட்டரியில் ரேடியோ மட்டும் ஓடியது. இருட்டில் எட்டுப் பேர். மாமாவுக்கு மட்டும் இருட்டு புதிதில்லை. அவர்தான் முள்ளைப் பிடித்தார்.

அரை மணி நேரம் யாரும் பேசவில்லை. குறிப்பெடுப்பதற்காக ஒரு மெழுகுவர்த்தி மட்டும் கட்டிங் மேசையில் இருந்தது. நிகழ்ச்சி முடிந்தது. ஒரு நிலையம் அனுப்பியை அணைத்ததும் ரேடியோவில் வெற்று இரைச்சல் பொங்கி எழும். ஆயிரம் முறை கேட்ட சத்தம்தான். மாமா ஒலியைக் குறைக்கவில்லை. கொஞ்ச நேரம் அதையும் கேட்டோம்.

அண்ணன் சின்போ போட்டார். மொத்தத்துக்கு நாலு போடலாம் என்றார் திருப்பூர்க்காரர். “நடுவுல ரெண்டு தடவ எறங்கி ஏறுச்சு. மூணுதான்” என்றார் அண்ணன். மூன்றுதான் போட்டார். செவ்வாய்க்கிழமை தபால் ஆபீசுக்கு வந்து அந்த அறிக்கையை லண்டனுக்கு அனுப்பினார். தேதி முத்திரை தெளிவாக விழ வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மை தொட்டு நானே குத்தினேன்.

அடுத்த ஆண்டு ஜூன் 30-இல் வேரித்தாஸும் சிற்றலையை நிறுத்தியது. மன்றத்தைக் கலைப்பதாக நாங்கள் கூடித் தீர்மானம் எதுவும் போடவில்லை. 9.15-க்குக் கடைக்குப் போவது நின்றது, அவ்வளவுதான்.

அண்ணன் போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. காரியம் முடிந்த மறுவாரம் கடையைக் காலி செய்தார்கள். பழைய பேப்பர்க் கடைத் தராசில் அவருடைய அட்டைப் பெட்டிகள் இருப்பதை வழியில் போகும்போது பார்த்தேன். பிள்ளைகள் மேல் குற்றமில்லை. அது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, நான் உட்பட. எடைக்கு என்ன விலையோ கொடுத்து வாங்கி வந்தேன். அட்டைகள் மூன்று பெட்டி. குயர் நோட்டுகள் 19. வானொலிக்குத் தபால் ஆபீசில் ஆண்டுதோறும் பணம் கட்டிய காலத்து லைசென்ஸ் புத்தகம் ஒன்று, முத்திரைகளோடு.

அந்த நோட்டுகளில் 30 ஆண்டுக்கு மேலாக ஒரு காவிரிக்கரை ஊரில் உலகம் எப்படிக் கேட்டது என்பது நாள்வாரியாக, நிமிடவாரியாக, பொய் கலக்காமல் இருக்கிறது. எந்த நிலையத்தின் ஆவணத்திலும் இது இந்த முழுமையோடு இருக்க வழியில்லை. ஏனென்றால் அங்கே போனது படி, மூலம் இங்கே. வானொலி வரலாறு எழுதுபவர்கள் பேசியவர்களின் பெயரை எழுதிவிட்டார்கள். கேட்டவர்களின் நோட்டு இன்னும் பரணில் கிடக்கிறது.

உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ ஊர்ப் பெரியவரோ ரேடியோவுக்குக் கடிதம் எழுதியவராக இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறிப் பாருங்கள். பெருஞ்சுவர் படம் போட்ட அட்டையோ, ஐந்து எண்கள் எழுதிய நோட்டோ கிடைத்தால் எடைக்குப் போடாதீர்கள். யாருடையது, எந்த ஊரில் கேட்டது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் கேட்டுப் பாருங்கள். அண்ணனின் மூன்று பெட்டிகளை நானும் அப்படிக் கேட்டுத்தான் ஒப்படைக்கப் போகிறேன். அதற்கு முன் ஒவ்வோர் அட்டையின் விவரத்தையும் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போது 1991 வரை வந்திருக்கிறேன்.