பிடிமானம் பலவீனமல்ல!

தருமபுரி மாவட்டம், அரூரை அடுத்த தீர்த்தமலைக்குச் செல்வோர் பெரும்பாலும் மலை ஏறுவதைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். தீர்த்தகிரீசுவரர் கோயிலுக்கு ஏறும்போது மூச்சு வாங்கும். சற்று நின்றால் சரியாகிவிடும். உண்மையான சோதனை இறங்கும்போதுதான். ஒவ்வோர் அடியிலும் உடலின் எடையைத் தொடைத் தசைகள் தாங்கி, மெல்ல இறக்க வேண்டும். அறுபதைக் கடந்த நான் அண்மையில் அங்கிருந்து இறங்கியபோது கால்கள் நடுங்கின. மகளின் தோளைப் பற்றிக்கொண்டுதான் அடிவாரம் வந்து சேர்ந்தேன்.

'முதல் பார் வகுப்பில் எனக்கும் இப்படித்தான் கால் நடுங்கியது' என்றாள் அவள்.

'பார்' என்றதும் மதுக்கூடம் நினைவுக்கு வரலாம். இது அதுவன்று. பாலே நடனக் கலைஞர்கள் பயிற்சியின்போது பற்றிக்கொள்ளும் கிடைமட்டக் கம்பிக்குப் பிரெஞ்சு மொழியில் அதுதான் பெயர். அக்கம்பியைப் பிடித்தபடி செய்யும் உடற்பயிற்சி இப்போது பெருநகரங்களில் பரவி வருகிறது.

இதன் பிறப்பே ஒரு காயத்தில்தான். ஜெர்மனியில் பிறந்து, நாஜிக்களின் ஒடுக்குமுறைக்குத் தப்பி பிரிட்டனில் குடியேறிய நடனக் கலைஞர் லோட்டே பெர்க், முதுகில் அடிபட்ட பிறகு, நடனப் பயிற்சியையும் மறுவாழ்வுச் சிகிச்சைப் பயிற்சிகளையும் இணைத்து இம்முறையை உருவாக்கினார். 1959-ஆம் ஆண்டு லண்டனில் பயிற்சிக்கூடம் தொடங்கினார். அவரிடம் பயின்ற லிடியா பாக் 1971-இல் இதை நியூயார்க்குக்குக் கொண்டு சென்றார். ஆக, கம்பியைப் பிடிப்பது இயலாமையின் அடையாளமன்று. அதுவே இப்பயிற்சியின் அடிப்படை.

இதற்கு நடனம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பரதநாட்டியத்தின் அரைமண்டியைப் பார்த்தவர்களுக்கும், பிள்ளையார் முன் தோப்புக்கரணம் போட்டவர்களுக்கும் இதன் அசைவுகள் அந்நியமாகத் தோன்றா. குதிப்பதும் ஓடுவதும் பெரும்பாலும் இல்லை. முழங்காலைச் சற்று மடக்கி அதே நிலையில் நிற்பது, அங்கிருந்து ஓர் அங்குலம் ஏறி இறங்குவது, குதிகாலை உயர்த்துவது எனச் சிறு அசைவுகளே மீண்டும் மீண்டும் வரும். பார்ப்பதற்கு எளிது, சில நிமிடங்களில் தொடை நடுங்கத் தொடங்கிவிடும்.

முதல் வகுப்புக்கான ஆயத்தம் புதிய உடை வாங்குவதில் தொடங்குவதில்லை. தன் உடலை அறிவதில் தொடங்குகிறது. இதய நோய், உயர் ரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம், மூட்டு வலி உள்ளவர்களும், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், கர்ப்பிணிகளும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். அவர் சொன்னதைப் பயிற்றுநரிடம் மறைக்காமல் கூற வேண்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது ரத்த சர்க்கரை குறையக்கூடும். அவர்கள் கையில் சிறிது சர்க்கரையோ இனிப்போ வைத்திருப்பது நல்லது.

வகுப்புக்கு இரண்டு, மூன்று வாரங்கள் முன்பே வீட்டில் தொடங்கலாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமர்வது. சன்னல் கம்பியைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது. சுவரருகே ஒற்றைக் காலில் சில விநாடிகள் நிற்பது. அன்றாடம் அரை மணி நேரம் நடப்பது. இவை போதும்.

வகுப்பு நாளன்று வயிறு நிறைய உண்ணவும் கூடாது; பட்டினியாகச் செல்லவும் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு முன் இரண்டு இட்லி அல்லது ஒரு வாழைப்பழம் நலம். காலில் சிக்காத, உடலோடு பொருந்திய பருத்தி உடை வேண்டும். சாதாரண காலுறை வழுக்கும். அடியில் பிடிப்புள்ள காலுறை அணியலாம், அல்லது கூடத்தின் விதிப்படி வெறுங்காலுடன் செய்யலாம். பத்து நிமிடங்கள் முன்னதாகச் சென்று, பயிற்றுநரைத் தெளிவாகப் பார்க்கக்கூடிய இடத்தில் நிற்க வேண்டும்.

பயிற்சியின்போது மூச்சை அடக்கக் கூடாது. அது ரத்த அழுத்தத்தை உயர்த்தும். தசை நடுங்குவது இயல்பு. ஆனால், மூட்டில் சுரீரென்ற வலியோ, நெஞ்சில் இறுக்கமோ, தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். நெஞ்சு இறுக்கம் தணியாவிட்டால் தாமதமின்றி மருத்துவ உதவியை நாட வேண்டும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசைவலி கூடுதலாக இருக்கும். அது தானே தணியும். பக்கத்தில் நிற்பவர் எவ்வளவு தாழ்கிறார் என்று பார்ப்பதுதான் புதியவர் செய்யும் பெருந்தவறு. பலர் காயமடைவதும், பலர் வெட்கி இரண்டாம் வகுப்புக்கு வராமலே போவதும் அதனால்தான்.

இதை நகரத்து வசதிபடைத்தோரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 2022-இல் இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறத்தாழ பாதிப் பேர் போதிய உடலுழைப்பின்றி இருந்தனர் என்று 'தி லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் 2024-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆண்களில் 42 விழுக்காடு; பெண்களில் 57 விழுக்காடு. மாதவிடாய் நின்றபின் பெண்களின் எலும்பு வேகமாக வலுவிழக்கிறது. முதுமையில் ஒருமுறை தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், சிகிச்சைச் செலவோடு ஒரு குடும்பத்தின் வருவாயும் நிம்மதியும் சேர்ந்தே குலைகின்றன. பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில் சொல்வேன்: இயந்திரத்தின் தேய்மானத்துக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்கும் நாம், உடலின் தேய்மானத்துக்கு எதையும் ஒதுக்குவதில்லை.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் மிதமான உடற்பயிற்சியும், இரண்டு நாள்கள் தசை வலுவூட்டலும், 65 வயதைக் கடந்தவர்களுக்கு மூன்று நாள்கள் சமநிலைப் பயிற்சியும் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பார் பயிற்சி பின்னிரண்டுக்கும் உதவும். வேகமான நடைக்கு அது முழு மாற்றாகாது.

தீர்த்தமலையில் பார் வகுப்பைத் தேட வேண்டியதில்லை. சன்னல் கம்பி எல்லா வீடுகளிலும் இருக்கிறது. தகுந்த ஆலோசனைதான் தேவை. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் தேதி அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் இடம்பெற்றுள்ளது. நோயுற்றோருக்கான அச்சேவையோடு, விழாமல் காக்கும் எளிய பயிற்சிகளை ஊர்தோறும் முதியோருக்குக் கற்பிப்பதும் சேர்ந்தால் பயன் பெருகும்.

மலையிலிருந்து இறங்கிய மறுவாரமே சன்னல் கம்பியைப் பிடித்து நிற்கத் தொடங்கிவிட்டேன். அடுத்த முறை தீர்த்தமலையில் மகளின் தோள் தேவைப்படாமல் போகலாம். தேவைப்பட்டாலும் வெட்கமில்லை. பிடித்துக்கொண்டு நிற்பவரே பிடிக்காமல் நிற்கக் கற்றுக்கொள்கிறார்.