ஹூக் சர்வரை விட்டு நம்ம லேப்டாப்புக்கு வந்த கதை

கமிட் அடிச்சதும் கோடைச் சோதிச்சு, சரியில்லைன்னா திருப்பி அனுப்புற ஹூக்கை கிட்தான் கொண்டுவந்துச்சுன்னு பலர் நினைக்கிறாங்க. இல்லைங்க. சிவிஎஸ்ஸில் இதுக்குன்னே 'கமிட்இன்ஃபோ'ன்னு ஒரு ஃபைல் இருந்தது. 2004-இல் 1.0 வெளியான சப்வெர்ஷனிலும் ப்ரீ-கமிட் ஹூக் உண்டு. ஆனா அது ஓடினது சர்வரில். டெவலப்பர் நைசா நழுவ முடியாது.

2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதினார். கமிட் நம்ம மெஷினுக்கே வந்துச்சு, ஹூக்கும் பின்னாலேயே வந்துச்சு. குளோன் பண்ணா மட்டும் ஹூக் வராது. அதைக் குறைன்னு திட்டுறவங்க உண்டு. எனக்கு அது நியாயமாத்தான் படுது: முகம் தெரியாத ஒருத்தரோட ஸ்கிரிப்ட் என் லேப்டாப்பில் தானா ஓடலாமா?

2016-இல் கிட் 2.9 'கோர்.ஹூக்ஸ்பாத்' செட்டிங்கைக் கொடுத்துச்சு. ஸ்கிரிப்டை ரெப்போவிலேயே வெச்சுக்கலாம். ஆளுக்கு ஒரு தடவை அதை செட் பண்ணணும். அப்பவும் '--நோ-வெரிஃபை' போட்டா ப்ரீ-கமிட் ஹூக் ஓடாது. அதனால முழு டெஸ்ட்டையும் நான் சர்வரில்தான் ஓட்டுவேன். ஹூக்கில் ரெண்டே வேலை: ஃபார்மேட், அப்புறம் கோடில் பாஸ்வேர்டு மாட்டியிருக்கான்னு பார்க்கிறது. சர்வரில் பிடிச்சா, அது ஏற்கெனவே மெஷினை விட்டு வெளியே போயிருக்குமே!